ஏழாவது இனிஷியல்

எனக்கு ஐம்பத்திரண்டு மார்க். நாற்பத்தொரு வயதில், பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் ஆபீஸில், என்னைவிட எட்டு வயது சின்னவர் ஒருவர் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, பரீட்சைத் தாளைக் கொடுப்பதுபோல் ஒரு ஃபாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். மார்க்குக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல். ஆவரேஜ்.

"ஆவரேஜ்னா மோசம்னு அர்த்தம் இல்ல மேடம். சுமார், அவ்வளவுதான்" என்றார் மேனேஜர். "கீழ ஒரு கையெழுத்து போட்டுடுங்க. நாளைக்கு நாலு மணிக்குள்ள ஆறு பேர் ஃபாரமும் ஹெட் ஆபீஸ் போகணும்."

அவர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் செருப்புக் கடைகள் நடத்தும் ஒரு கம்பெனியில் இருந்தாராம். இந்த மார்க் போடும் ஏற்பாடு அவர் கூடவே வந்தது. அறுபதுக்குக் கீழே வாங்குகிறவர் ஆவரேஜ். தொடர்ந்து இரண்டு வருஷம் ஆவரேஜ் வாங்கினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். போன வருஷம் எனக்கு ஐம்பத்தெட்டு. ஆக, அவர் நீட்டிய பேனாவை வாங்கினால் என் ராஜினாமாவில் நானே கையெழுத்துப் போட்டதாக அர்த்தம்.

"சார், நம்ம வாசல்ல ஒரு பித்தளைப் பலகை இருக்கே, படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"அதுல கம்பெனி பேருக்குக் கீழ இதே சொல்தான் எழுதியிருக்கு. ஆவரேஜ் அட்ஜஸ்டர்ஸ். இந்தச் சொல்லாலதான் நாங்க ஆறு பேரும் சாப்பிடறோம். நீங்களும்தான்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு நாலு மணி, மேடம்."

நான் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பேனாவை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டேன்.

எங்கள் தொழில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நடுக்கடலில் கப்பல் மூழ்கும் நிலை வந்தால், கேப்டன் கொஞ்சம் சரக்கைத் தூக்கிக் கடலில் போடச் சொல்வார். பாரம் குறையும், கப்பல் பிழைக்கும். ஆனால் கடலுக்குப் போனது யார் சரக்கு? கைக்கு எட்டுகிற இடத்தில் எவன் பெட்டி இருந்ததோ அவனுடையது. அவன் செய்த குற்றம் அது ஒன்றுதான். அதனால், கரை சேர்ந்த சரக்குக்காரர்கள் எல்லோரும், கப்பல்காரர் உட்பட, தங்களுக்குப் பிழைத்ததன் மதிப்புக்கு ஏற்ப அவன் நஷ்டத்தில் பங்கு ஏற்கவேண்டும் என்பது பல நூறு வருஷத்துச் சட்டம். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்து எழுதுவது எங்கள் வேலை. ஆவரேஜ் என்பது அந்தப் பங்கீட்டின் பெயர்.

ஆபீஸில் பெரிய மேஜை ஒன்று. ஆறு பேரும் அதைச் சுற்றித்தான் உட்காருவோம். எந்தத் தாளும் முடிந்ததும் அந்த மேஜையின் நடுவில் வைக்கப்படும். ஒவ்வொருவரும் எடுத்துச் சரிபார்த்து ஓரத்தில் இனிஷியல் போடவேண்டும். பழைய மேனேஜர் ஏழாவதாகப் போடுவார். இனிஷியல் போட்டபின் அதில் தப்பு வந்தால் அது எழுதியவரின் தப்பு இல்லை, ஏழு பேரின் தப்பு. "யார் பண்ணது?" என்ற கேள்வியே எங்கள் ஆபீஸில் கிடையாது. புது மேனேஜர் இனிஷியல் போடுவதில்லை. தனியாக, மேலே, பெரிதாகக் கையெழுத்துப் போடுவார்.

எனக்கு ஐம்பத்திரண்டு வந்த கதையும் அந்த மேஜையில்தான் தொடங்கியது. ஒரு கப்பலில் தீப்பிடித்து, அணைக்க ஊற்றிய தண்ணீரில் நிறைய சரக்கு வீணாய்ப் போனது. தண்ணீரில் போனதும் கடலில் போட்டது மாதிரிதான், எல்லோரும் பங்கு ஏற்கவேண்டும். இருநூற்றுப் பதினான்கு சரக்குக்காரர்கள். அறிக்கை முடிந்து, ஆறு இனிஷியலும் விழுந்து, அனுப்பப்போகும் சமயத்தில் ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு பெட்டிகள் பட்டியலில் விட்டுப்போயிருந்ததைப் பார்த்தேன். தையல் மிஷின், பிள்ளைகளின் புத்தகங்கள், கட்டில். வேறு ஊருக்குக் குடிபோகிற குடும்பம். பெரிய வியாபாரிகளுக்கு நடுவில் அவர்களை யார் தேடப்போகிறார்கள்? ஆனால் அவர்களைச் சேர்த்தால் இருநூற்றுப் பதினான்கு பேரின் பங்கும் மாறும். முதலிலிருந்து மறுபடி போட்டேன். மூன்று வாரம் தாமதம்.

"யாரோட தப்பு?" என்று மேனேஜர் கேட்டார்.

"எங்களோடது சார்."

"எங்களோடதுன்னா? ஒரு ஆளைச் சொல்லுங்க."

"இங்க அப்படி ஆள் கிடையாது சார். மேஜைதான்."

ஃபைல் கடைசியாக என் கையில் இருந்ததால் தாமதம் என் தலையில் விழுந்தது. பெட்டிகளை விட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். நூத்துக்குநூறு. கணக்கில் புலி என்பதால் அவருக்கு அந்தப் பெயர். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இந்த வருஷம் அவருக்குத் தொண்ணூற்று நான்கு மார்க், அடுத்த பதவி வரப்போகிறது. ஃபாரத்தோடு நான் வெளியே வந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பென்சிலைப் பிடுங்கி உடைத்திருப்பேன்.

வீட்டுக்குப் போனால் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, பஸ் ஓட்டிய காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் டீ போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"போட்டுட்டு வந்துடு. இந்த ஊர்ல வேற ஆபீஸே இல்லையா?" என்றார். நல்ல மனிதர்தான். சண்டை என்றால் மட்டும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார்.

அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு வாரத்துக்கு என்று வந்தவள். நான்கு வருஷம் ஆகிறது.

"அண்ணி, அந்தச் சொல்லுக்கு உண்மையிலயே என்னதான் அர்த்தம்? என் கடையில ஒருத்தி, என் முடி ஆவரேஜ்னு சொல்லி அழுதா. முடிக்கு எதுக்கு அழணும்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் இருந்ததால் ஒரு பாடமே நடத்திவிட்டேன். அரபு வியாபாரிகள் பழுதான சரக்குக்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள். துறைமுகம் துறைமுகமாக அது இத்தாலியர் வாய்க்கும் பிரெஞ்சுக்காரர் வாய்க்கும் போய், கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அதற்குக் கடலில் வந்த சேதம் என்று பொருள். அப்புறம் அந்தச் சேதத்தை எல்லோரும் பிரித்துக்கொள்வது. பிரித்தால் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு எண் வருமே, பிற்பாடு கணக்குப் போடுகிறவர்கள் அந்த எண்ணுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அதற்கும் பிறகுதான் அது மனிதர்கள்மேலும் மதிப்பெண்கள்மேலும் ஒட்டுகிற அடைமொழி ஆனது. சுமாரான ஆள், சுமாரான முடி.

"இருங்க இருங்க" என்றாள் நாத்தனார். சாயக் குச்சி அந்தரத்தில் நின்றது. "ஒருத்தன் பெட்டிய கடல்ல போட்டா, மத்தவன் எல்லாம் பங்கு ஏத்துக்கணும்?"

"ஆமா."

"கப்பல்காரனும்?"

"கப்பல்காரனும்தான்."

"உங்க ஆபீஸ்ல யாரைக் கடல்ல போட்டாங்க?"

நான் ஃபாரத்தை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

"மத்தவங்க எல்லாம் பத்திரமா கரையில நிக்கிறாங்களா? அப்போ பங்கை வாங்குங்க அண்ணி. ஊருக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கறீங்க, உங்களுக்குன்னா வாய் அடைச்சுப் போச்சா?"

"அவளைத் தூண்டி விடாதே" என்றார் கணவர்.

"நீ டீயைக் கவனி அண்ணா, பொங்குது."

டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன்.

ஆறு பேருக்கும் பிரித்துப் போட மேனேஜருக்கு ஹெட் ஆபீஸ் கொடுத்த மொத்த மார்க் நானூற்று ஐம்பது. அதற்கு மேல் ஒன்றுகூடத் தரமுடியாது. யாருக்காவது கூட்டினால் யாருக்காவது குறைக்கவேண்டும். நூத்துக்குநூறுவுக்குத் தொண்ணூற்று நான்கு, மற்ற நான்கு பேருக்கும் எழுபத்தாறு எழுபத்தாறு. மிச்சம் இருந்தது ஐம்பத்திரண்டு. இவ்வளவுதான் என் தகுதியை அவர் அளந்த லட்சணம். மிச்சத்தை என் தட்டில் தட்டிவிட்டார்.

எங்கள் ஆபீஸ் அறிக்கை எப்படி எழுதப்படுமோ அப்படியே எழுதினேன். கப்பல்: இந்த அலுவலகம். நேர்ந்த ஆபத்து: மார்க் பற்றாக்குறை. கடலில் போடப்பட்டது: ஒரு ஆள். கரை சேர்ந்தவர்கள்: ஐந்து பேர். எனக்கு வேண்டியது எட்டு மார்க். தொண்ணூற்று நான்குக்காரர் பங்கு இரண்டு, மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றரை. கப்பல்காரர் பங்கு என்று கடைசி வரி. மேனேஜருக்கு மார்க் போடுவது நாங்கள் இல்லையே, என்ன எழுதுவது என்று யோசித்து, 'ஓர் இனிஷியல்' என்று எழுதினேன். எழுதும்போதே சிரிப்பு வந்தது. பயமும் வந்தது, அதை ஏன் மறைக்க.

மறுநாள் காலை அந்தத் தாளை மேஜையின் நடுவில் வைத்தேன். "பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. டைப் அடிக்கும் கண்ணாடி அக்கா, கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுகிறவள், தாளை எடுத்தாள், பெருமூச்சு விட்டாள், வைத்தாள். "என் பொண்ணு காலேஜ் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்குடி" என்றாள். கப்பல்களுக்குள் இறங்கிச் சேதம் பார்க்கிற இரண்டு பையன்களும், இருவரையும் நாங்கள் ஈரக்கால் என்போம், காலையிலேயே துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். எந்தக் கப்பல் என்று கேட்டதற்கு இருவரும் இரண்டு பெயர் சொன்னார்கள்.

தபால் அண்ணன் மட்டும் மேஜையின் கோடியிலிருந்து, "இனிஷியல் இல்லாத தாளை நான் தொடமாட்டேன்மா. உன்னுதா இருந்தாலும் சரி, அவருதா இருந்தாலும் சரி" என்றார். ஆபீஸிலிருந்து வெளியே போகிற எதற்கும் முத்திரை குத்துவது அவர்.

மதியம் வரை தாள் அப்படியே கிடந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது. பதினாறு வருஷம் இவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அக்கா இரண்டாவது பிரசவத்துக்குப் போனபோது அவள் ஃபைல்களையும் நான்தான் பார்த்தேன். சொல்லிக்காட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உள்ளுக்குள் எல்லோரையும் திட்டித் தீர்த்தேன்.

இரண்டு மணிக்கு நூத்துக்குநூறு எழுந்தார். தாளை எடுத்துக்கொண்டு நேராக ஜன்னலோரச் சின்ன மேஜைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். போய்ப் பிடுங்கலாமா என்று எழுந்தும்விட்டேன்.

கால் மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். கையில் வேறு தாள். நான் அவசரத்தில் கிறுக்கியதையெல்லாம் கோடு போட்டு, கட்டம் கட்டி, ஒவ்வொருவரின் பழைய மார்க், பங்கு, புது மார்க் என்று முத்து முத்தாக எழுதியிருந்தார்.

"உங்க கையெழுத்தைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்குதுங்க" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். பிறகு ஓரத்தில் தன் இனிஷியலைப் போட்டார்.

அதற்குப் பிறகு மடமடவென்று நடந்தது. அக்கா தலையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "குடு இங்க" என்று வாங்கிப் போட்டாள். துறைமுகத்திலிருந்து திரும்பிய ஈரக்கால்கள் இரண்டு பேரும் நின்றபடியே போட்டார்கள். தபால் அண்ணன் விரலால் எண்ணிப் பார்த்து ஐந்தாவதாகப் போட்டார். நான் ஆறாவது. அவசரத்தில் ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. நானும்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மூன்றரை மணிக்கு ஆறு பேரும் கண்ணாடி அறைக்குள் போய் நின்றோம். மூன்று நாற்காலிதான் இருந்தது, யாரும் உட்காரவில்லை. கையெழுத்து இல்லாத ஆறு ஃபாரங்களையும் மேனேஜர் முன்னால் வைத்தேன். அதற்கு மேல் அந்தத் தாள்.

"இது என்ன?"

"அட்ஜஸ்ட்மென்ட் அறிக்கை சார். இந்தப்படி மார்க்கை மாத்தினா ஆறு பேரும் கையெழுத்து போட்டுடறோம்."

"இல்லேன்னா?"

"ஆறு பேரும் போடமாட்டோம்" என்றாள் அக்கா. குரல் கீச்சென்று வந்தது. ஆனாலும் வந்தது.

அவர் படித்தார். கடலில் போடப்பட்டது ஒரு ஆள் என்ற இடத்தில் புருவம் உயர்ந்தது. கப்பல்காரர் பங்கில் முகம் சிவந்தது. பிறகு, எதையோ கண்டுபிடித்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். போனை எடுத்து எண்களை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். சிரித்தார்.

"நானூத்தி ஐம்பத்தொண்ணு வருது" என்றார்.

தாளை எட்டிப் பார்த்தேன். நான்கு எழுபத்து நாலரைகளில் ஒன்று எழுபத்தைந்தரை என்று இருந்தது. முத்து முத்தான எழுத்தில்.

"ஆறு வரிக் கணக்கு. இதைக்கூடச் சரியா கூட்டத் தெரியல. இதுக்குத்தான் மேடம் ஆவரேஜ்னு போட்டேன்" என்றார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சரி, சொல்லுங்க. இது யாரோட தப்பு?"

பக்கத்தில் நூத்துக்குநூறுவின் மூச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. வேறு யாருடைய கையெழுத்து அப்படி இருக்கும்? மேனேஜர் நான்கு தடவை அவர் எழுத்தைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். அவர் எங்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, மார்க்கைத்தான் பார்ப்பார்.

"எங்களோடது சார்" என்றேன்.

"அதே பாட்டுதானா? ஒரு ஆளைச் சொல்லுங்க!"

"எங்களோடது" என்றார் தபால் அண்ணன். தன் வாழ்க்கையில் அவர் அந்த அறைக்குள் பேசிய முதல் சொல் அது.

"எங்களோடதுதான்" என்றாள் அக்கா. ஈரக்கால்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில், "எங்களோடது சார்" என்றார்கள்.

மேனேஜர் நூத்துக்குநூறுவிடம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க. அடுத்த வருஷம் இந்த நாற்காலிக்கு வரவேண்டிய ஆள் நீங்க."

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"இதுவும் எங்களோடது சார். அந்தத் தீப்பிடிச்ச கப்பல் ஃபைல்ல விட்டுப்போன பன்னிரண்டு பெட்டியும் எங்களோடது. அன்னைக்கு நான் வாயத் தொறக்கல. அந்த ஐம்பத்திரண்டுல எனக்கு ரெண்டு மார்க் பங்கு போதாது. கூட எழுதுங்க."

"ரெண்டு போதும்" என்றேன் நான். "கணக்குப்படி ரெண்டுதான்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால். மேனேஜர் கையெழுத்து இல்லாத ஆறு ஃபாரங்களையும் எங்கள் ஆறு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த மேஜை இப்போது அவர் அறைக்குள் வந்து நின்றுகொண்டிருந்தது. ஒரு ஃபாரம்கூடப் போகவில்லை என்றால் ஹெட் ஆபீஸ் அவருக்கு என்ன மார்க் போடும் என்று அவருக்குத் தெரியும்.

பேனாவை எடுத்தார். எழுபத்தைந்தரையை அடித்து எழுபத்து நாலரை ஆக்கினார். ஃபாரங்களில் மார்க்குகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். என் ஃபாரத்தில் ஐம்பத்திரண்டை அடித்து அறுபது என்று எழுதும்போது தாள் கிழிகிற மாதிரி அழுத்தினார். நாங்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம். எல்லாவற்றையும் வாரி எடுத்து தபால் அண்ணனிடம் நீட்டினார்.

தபால் அண்ணன் கையை நீட்டவில்லை.

"அறிக்கையில ஆறுதான் சார் இருக்கு" என்றார். "திருத்தினது நீங்க. ஏழு இல்லாம நான் முத்திரை குத்தமாட்டேன்."

மேனேஜர் அவரை முறைத்தார். பிறகு குனிந்து, எங்கள் ஆறு இனிஷியல்களுக்கும் கீழே, மிகச் சின்னதாக, யாரும் பார்த்துவிடக்கூடாது என்பதுபோலத் தன்னுடையதைப் போட்டார்.

"அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்றார் என்னிடம்.

"பாருங்க சார்" என்றேன். "மேஜை இங்கதான் இருக்கும். அடுத்த தப்புல உங்களுக்கும் பங்கு வந்துடுச்சு."